ஆச்சி வண்டிக்கு மூச்சு வந்த கதை

மரிய அந்தோணிக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, வண்டியோடு பேசுவார். அதை அவர் ஊரான கழனிவாசலில் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். ஆளில்லாத நேரத்தில் டிராக்டரைத் திட்டுகிற மனிதரால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னொன்றுதான் கொஞ்சம் சிக்கல். தான் கைவைத்த இடத்தில் தப்பு இருக்கும் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றாது. சரிசெய்து அனுப்பிய வண்டி மறுவாரம் திரும்பி வந்தால் ஓட்டியவன் சரியில்லை என்பார், ரோடு சரியில்லை என்பார், டீசலில் தண்ணீர் என்பார். அவர் மனைவி வியாகுலம்மாள் ஒருமுறை கேட்டேவிட்டாள்: "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்னத்தச் சொல்லுவீக? ஊரார் தப்பையா?"

இந்த மனிதர் பதினாறு வருஷம் மஸ்கட்டில் பெரிய பெரிய ஃபோர் வீல் வண்டிகளுக்கு வேலை பார்த்தவர். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு என்ஜின் ஃபேனில் வலது கை மாட்டிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் விறைத்துப்போயின. ஊருக்கு வந்து காரைக்குடியில் இருந்த பட்டறைகளுக்கெல்லாம் நடந்தார். எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். அவர் கையைப் பார்ப்பார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். கடைசியில் ரோட்டோரமாக ஒரு பஞ்சர் கடை போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கடை வாசலில்தான் கண்டனூர் உமையாள் ஆச்சியின் வண்டி ஒருநாள் டயர் பஞ்சராகி வந்து நின்றது. டயரைக் கழற்றிக்கொண்டே அந்தோணி காதைச் சாய்த்தார்.

"ஆச்சி, பஞ்சர் போட்டுர்றேன். ஆனா வண்டிக்கு அடியில கம்ப்ரசர் ரொம்ப நேரம் ஓடுது. எங்கேயோ காத்து கசியுது."

"சத்தத்த வெச்சே சொல்றீகளா?" என்றார் ஆச்சி.

சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தடவி, பின்சக்கரத்துக்கு மேல் குமிழி விட்ட இடத்தைக் காட்டினார் அந்தோணி. ஆச்சி குனிந்து அந்தக் குமிழியைப் பார்த்தார். பிறகு, இனிமேல் இந்த வண்டி உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

"என் கையப் பாத்தீகளா ஆச்சி?"

"பாத்தேன். ஒங்க காதையும் பாத்துட்டேன்."

கண்டனூர் ஆச்சியின் வெளிநாட்டு வண்டி அந்தோணியின் பொறுப்பு என்று செய்தி பரவியதும் பஞ்சர் கடைக்கு ஜீப் வந்தது, மினி லாரி வந்தது. கூரை போட்டார். பட்டறையானது. இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். இந்த நன்றியை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. வீட்டில் ஜெபமாலை முடிந்து குடும்பத்தார் பேரையெல்லாம் சொல்லி வேண்டிக்கொள்ளும்போது, "கண்டனூர் ஆச்சிக்கும்" என்று சேர்த்துக்கொள்வார். வாய்க்கு வாய் தன் திறமையைப் பேசுகிற மனிதர், இதில் மட்டும் தன்னை முன்னால் நிறுத்தியது கிடையாது.

அந்த வண்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பதினெட்டு வருஷத்துப் பழைய வண்டி. மற்ற வண்டிகளுக்கு அடியில் இரும்புப் பட்டையோ சுருளோ இருக்கும். இதற்கு நான்கு சக்கரத்துக்கும் மேலே நான்கு ரப்பர் காற்றுப் பைகள். பைகளுக்குக் காற்றடித்துக் கொடுக்க அடியில் ஒரு கம்ப்ரசர், சொம்பு அளவுதான் இருக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி தாழ்ந்து நிற்கும், ஆள் ஏறியதும் எழுந்துகொள்ளும். ரோட்டில் பள்ளம் வந்தால் அது வண்டிக்குத்தான் தெரியும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

பணக்கார வண்டியின் சொகுசு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. விஷயம் அதுவல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் ஆச்சி சென்னை வீட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்தார். ஐம்பத்திரண்டு வயதில் முதுகெலும்பில் ஆறு திருகாணி. வாக்கர் என்கிற நடக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பார். குனிய முடியாது, அரையடிக்கு மேல் காலைத் தூக்க முடியாது, முதுகில் குலுக்கல் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சின்னக் காருக்குள் குனிந்து நுழைய முடியவில்லை. வேனில் ஏற முடியவில்லை. இந்த வண்டி ஒன்றுதான் அவருக்காக இறங்கிக் கொடுத்தது. முதுகைக் காட்டி நின்று, இருக்கையில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். யாரும் தொடவேண்டியதில்லை. மற்றபடி குளிக்க, ரயிலேற, இறங்க எல்லாவற்றுக்கும் மகன் தேனப்பன் அவரைத் தூக்கிச் சுமந்த இரண்டு வருஷத்தில், தாமாக ஏறி உட்கார அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த வண்டி.

அந்தத் தேனப்பனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு தேவகோட்டை. வியாழக்கிழமை காலை முகூர்த்தம்; புதன்கிழமை சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் போய்ச் சேரவேண்டும்.

கண்டனூர் வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிற வீடு. அதைப் பார்த்துக்கொள்பவள் ஒச்சம்மாள். நாற்பத்தைந்து வயது, பக்கத்து ஊர் விவசாயச் சம்சாரி வீட்டுப் பெண், ஒற்றை ஆளாக அந்த வீட்டை ஒன்பது வருஷமாகக் கட்டிக்காக்கிறாள். வீட்டைத் திறக்கிறது பெரிய வேலை இல்லை, பூட்டுகிறதுதான் வேலை. ஒரு வருஷம் எவரோ கவனிக்காமல் விட்ட மழைத்தண்ணீர்க் குழாய் வழியாக மரநாய் உள்ளே புகுந்து, மேல்மாடியில் குட்டி போட்டுக் குடித்தனமே நடத்திவிட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். பூட்டும் நாளில், வெளியே பார்த்து வாய் திறந்திருக்கும் எதையும் துணி வைத்து அடைக்கவேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து, வேப்பிலை வைத்துச் சுருட்டி முடிந்த துணிகள், மொத்தம் அறுபத்து மூன்று. மாடித் தூம்பு, முற்றத்து வடிகால், புகைக்கூண்டு, கார் கொட்டகையில் வண்டியின் சைலன்சர் வரைக்கும் அடைத்துவிட்டுத்தான் ஒச்சம்மாள் சாவியைத் திருப்புவாள். திறக்கும் நாளில் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, ஓலைக் கொட்டானில் போடுவாள்.

இந்த ஆவணியில் திறந்தபோது எண்ணிக்கை அறுபத்திரண்டுதான் வந்தது. ஒன்று குறைந்தது. கல்யாண வீட்டில் ஆயிரம் வேலைக்கு நடுவே அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு தூம்பு தூம்பாக ஏறி இறங்கினாள். எந்தத் தூம்பில் அடைப்பு நிற்கிறதோ, மழை வந்தால் முற்றத்தைச் சுற்றிய வளவு முழுக்கத் தண்ணீர் தேங்குமே என்று அவளுக்குப் பயம். "விடு ஒச்சம்மா, எங்க போயிரப் போகுது" என்று ஆச்சி போனில் சொல்லியும் அவள் விடவில்லை.

அந்தோணியின் தொல்லை சனிக்கிழமை தொடங்கியது. வீடு பூட்டியிருக்கும் மாதங்களில் வண்டியின் பேட்டரி அவர் பட்டறையில்தான் இருக்கும். அதைக் கொண்டுவந்து மாட்டினார். ஏழு மாதம் நின்றதில் காற்றெல்லாம் இறங்கி வண்டி தரையோடு படுத்துக் கிடந்தது. அது வழக்கம்தான். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் ஓடி ஐந்து நிமிஷத்தில் எழுந்துகொள்ளும். ஸ்டார்ட் செய்தார். கம்ப்ரசர் ஓடியது. இரண்டு நிமிஷம் முனகிவிட்டு நின்றுபோனது. மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஒரு விரற்கடைகூட எழவில்லை.

"என்னடா ராசா, தூக்கம் தெளியலையா?" என்றார் வண்டியிடம். கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது. சூடு ஏறினால் தானாக நின்றுகொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு, அதனால்தான் நின்றிருக்கிறது. ஏன் சூடேறுகிறது என்பதுதான் கேள்வி. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றிப் பார்த்தார், பலனில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஆச்சியும், தேனப்பன் அப்பச்சி என்று கூப்பிடுகிற அவர் கணவரும் வந்தார்கள். ஆச்சியை மகன் தூக்கி இறக்கினான். ஸ்டேஷனிலிருந்து கண்டனூருக்கு வர வண்டியில்லை என்பதால் தேனப்பன் வேறு வழியின்றி ஆம்புலன்ஸ் பேசியிருந்தான். கல்யாண வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. ஒரு பெரியவர் ஐயையோ என்று தோள்துண்டை வாயில் பொத்திக்கொண்டார். உள்ளே படுத்தபடி ஆச்சி அதைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரில் வளவுக்குள் கொண்டுபோய் இறக்கிய பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை அந்தோணிக்குத்தான்.

"அந்தோணி, என் மகன் கல்யாணத்துக்கு நான் இப்படிப் போய் இறங்க மாட்டேன். வண்டி எந்திரிச்சா நான் போறேன். இல்லாட்டி இங்கன இருந்தே ரெண்டு பேரையும் வாழ்த்திர்றேன். ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

திட்டியிருந்தால்கூட அந்தோணி தாங்கியிருப்பார். நம்பியிருக்கேன் என்றதும் அங்கே நிற்க முடியாமல் கொட்டகைக்கு நடந்தார்.

கம்ப்ரசரைக் கழற்றினார். உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் தேய்ந்தால் காற்று அழுத்தம் ஏறாது; அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். மஸ்கட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த வளையம் ஒன்று பாக்கி இருந்தது, மாற்றினார். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்று ஜவ்வரிசி போன்ற மணிகள் அதில் உண்டு. அவை நமுத்துப்போயிருந்தன. சமையல்கட்டில் இரும்புச் சட்டியைக் கேட்டு வாங்கி அந்த மணிகளை வறுக்க ஆரம்பித்தார். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஏய்யா, கல்யாண வீட்டு அடுப்புல மெக்கானிக் நிண்டு வறுக்கிறதப் பாத்தா பந்தியில எவன்யா ஒக்காருவான்?"

"நீ வறுக்கிறத விட இது ருசியாத்தேன் இருக்கும்" என்றார் அந்தோணி. அப்போது இன்னும் வேடிக்கை பேசுகிற தெம்பு இருந்தது.

திங்கட்கிழமை கம்ப்ரசரை மேசையில் வைத்து பேட்டரியில் இணைத்து ஓடவிட்டார். காற்று வாயில் கட்டைவிரலை வைத்தால் விரலைத் தள்ளிக்கொண்டு சீறியது. "அப்படிப் போடு!" என்று கத்தியதில் கொட்டகையில் இருந்த புறாக்கள் பறந்தன. வண்டியில் மாட்டினார். ஸ்டார்ட் செய்தார். இரண்டு நிமிஷம் முனகல், சூடு, மஞ்சள் விளக்கு. காற்று வாயில் விரல் வைத்தால் நோயாளி ஊதுகிற மாதிரி ஒரு ஊதல்.

மறுபடி கழற்றினார். மேசையில் சீறியது. மறுபடி மாட்டினார். வண்டியில் முனகியது. மூன்று தடவை இந்தக் கூத்து நடந்தது. ஒருவேளை ஒயரில் கரண்ட் குறைகிறதோ என்று பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்துப் பார்த்தார். மாற்றமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோணியார் கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர். தன் பேர் வைத்தவனுக்காவது உதவ மாட்டாரா? வந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு குழாய் மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழி இல்லை.

வந்திருந்த உறவுக்காரர்கள் கொட்டகைப் பக்கம் உலாவத் தொடங்கினார்கள். "ரெண்டு விரலு மடங்காத கைய நம்பி இந்த வண்டியக் குடுத்துருக்காகளே" என்று ஒருவர் சொன்னது வண்டிக்கு அடியில் படுத்திருந்தவருக்கு நன்றாகவே கேட்டது. மல்லாந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். வண்டியிடம்கூட அவர் அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அந்தோணியின் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருக்கிறது. மேசையில் நன்றாக ஓடுகிற கம்ப்ரசர் வண்டியில் ஓடவில்லையென்றால், வண்டியில் மாட்டும்போது மட்டும் கூடச் சேர்கிற பொருள் எது என்று பார்க்கவேண்டாமா? மஸ்கட்டில் பதினாறு வருஷம் அவர் இதைத்தானே செய்தார். அப்படிக் கூடச் சேர்கிற பொருள் ஒன்று இருந்தது. கம்ப்ரசர் காற்றை இழுத்துக்கொள்ளும் குழாய். அதை மட்டும் அவர் தொடவேயில்லை. ஏனென்றால் அது அவரே செய்த வேலை.

போன தை மாதம் செய்தது. அந்த வண்டியில் கம்ப்ரசர் அடியிலிருந்தே காற்றை இழுக்கும். செம்மண் புழுதி உள்ளே போய் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அந்தோணி ஒரு புதுக் குழாயை வாங்கி, உடம்புத் தகட்டுக்குள்ளேயே மேலே கொண்டுபோய், டிக்கியின் பக்கவாட்டில் ஜாக்கி வைக்கிற பெட்டிக்குள் அதன் வாயை முடித்திருந்தார். புழுதியே எட்டாத இடம். அருமையான யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. அதைப் பற்றிப் பங்குச் சாமியார் வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டார். குழாய் வாய்க்கு ஒரு கம்பிவலை மூடி போடவேண்டும் என்று நினைத்தார். மறுநாள் போடலாம் என்று விட்டார். மறுநாள் வீடு பூட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மூடி அவர் ஞாபகத்திலேயே இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டு வளவுக்குள் போனார். ஆச்சி சாய்வில்லாத உயர நாற்காலியில் பட்டுச்சேலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேனப்பன். ஒச்சம்மாள் தூணோரம் பூக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"முடியல ஆச்சி" என்றார் அந்தோணி. "புதுக் கம்ப்ரசர் வரணும். பம்பாயில சொன்னாலும் பத்து நாளாகும்."

"எல்லாம் பாத்தாச்சா?"

"எல்லாம் பாத்துட்டேன். ஒயரு, ரிலே, குழா, மூட்டு எல்லாம். காத்து எடுக்கிற குழாயக்கூட நான் தையிலதானே புதுசா டிக்கி ஓரத்துப் பெட்டிக்குள்ள கொண்டுபோய் வெச்சேன், அதுல தூசியே போக முடியாது. மெஷினுதான் போச்சு."

தேனப்பன் மெதுவாக, "ஆத்தா, ஆம்புலன்ஸ் சொல்லிர்றேன், பின்வாசல் பக்கமா இறங்கிக்கலாம், யாரும் பாக்க மாட்டாக" என்றான்.

ஆச்சி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். "வேண்டாம்ப்பா. நீ நல்லபடியாப் போய்ட்டு வா. அப்பச்சி கூட இருப்பாக." குரல் உடையவில்லை. அவர் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்ட விதத்தில்தான் எல்லாம் தெரிந்தது. தேனப்பன் எழுந்து முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தோணி கொட்டகைக்கு வந்து சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தார். கண் மங்கியது. ஒரு ஸ்பேனரை எடுத்து வைப்பதும், திரும்ப எடுப்பதுமாக இருந்தார். கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. ஒச்சம்மாள் நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணே, அந்தக் குழாயி டிக்கி ஓரத்துப் பெட்டிக்குள்ளண்டா சொன்னீக?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"கறுப்பா, பெருவிரல் தண்டிக்கு, வாயத் தொறந்துக்கிட்டு இருக்குமே, அதுவா?"

அந்தோணி நிமிர்ந்தார்.

"தையில பூட்டும்போது டிக்கியில பாச்சா உருண்டை போடப் போனேண்ணே. அந்தப் பெட்டி மூடியத் தொறந்தா ஒரு குழா வாயப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. எலி வந்துருமேன்னு... கிணத்தடிக் குழாயைக் கொத்தனாரு பூசிட்டாருல்ல, அதுக்குண்டான துணி ஒண்ணு கையில மிஞ்சியிருந்துச்சு. அத வெச்சு அடச்சுட்டேன். நல்லாக் குச்சி விட்டுக் குத்தி அடச்சேன். வீட்டுக் குழாயவே நெனச்சுத் தேடிக்கிட்டு இருந்தேன். வண்டியில வெச்சது புத்தியில ஏறல. நாந்தேண்ணே. எல்லாம் நாந்தேன்."

அந்தோணி டிக்கியைத் திறந்தார். பெட்டி மூடியை எடுத்தார். குழாய் வாயில் வெள்ளைத் துணியின் முடிச்சு ஒன்று எட்டிப் பார்த்தது. மூக்குக் குறட்டால் பிடித்து இழுத்தார். வந்தது, வந்தது, ஒரு முழம் வந்தது. காய்ந்த வேப்பிலை நொறுங்கி அவர் கையெல்லாம் கொட்டியது. நாலு நாளாகக் கம்ப்ரசர் இந்தத் துணிக்குள்ளிருந்துதான் மூச்சை இழுக்கப் பார்த்திருக்கிறது.

சாவியைத் திருப்பினார். கம்ப்ரசர் ஓடியது. முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. முனகல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். வண்டியின் பின்பக்கம் மெல்ல அசைந்து எழுந்தது. ஒரு விரற்கடை, நாலு விரற்கடை. பிறகு முன்பக்கம். நாலு சக்கரமும் கூண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தன. மஞ்சள் விளக்கு அணைந்தது. அந்தோணி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்ந்து வந்தது. புனித அந்தோணியார், தேடிக் கொடுக்கிற வேலையை ஒச்சம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டிருக்கிறார்.

இறங்கி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றாள். எழுந்த வண்டியைப் பார்க்கக்கூட இல்லை.

"ஒச்சம்மா, யாரும் பாக்கலையே. சத்தமில்லாம நீயே வந்து துணிய உருவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"போயிருக்கலாம்" என்றாள். "கொட்டக வாசல்ல நிண்டு அதையும் நெனச்சேன். ஆனா ஒங்க கையத்தான் எல்லாரும் பேசினாக. மடங்காத கையி, வேல தெரியாத கையின்னு. நான் செஞ்சதுக்கு ஒங்க கை ஏண்ணே பேச்சு வாங்கணும்?"

ஒன்பது வருஷமாக, வீடு திறக்கும்போதெல்லாம் பார்த்த பெண். அவளிடம் மோர் வாங்கிக் குடித்திருக்கிறார், சைலன்சர் துணியை உருவி நீட்டியிருக்கிறார், அதற்குமேல் நின்று பேசியதில்லை. அவளுக்கு இந்த வீட்டு வேலைதான் சோறு. அது போனாலும் போகட்டும் என்று வந்து நிற்கிறாள். அவரோ நாலு நாளாகத் தன் குழாயை மட்டும் விட்டுவிட்டு உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறார். வெட்கமும் நன்றியும் ஒரே நேரத்தில் வந்தன.

"நீ பேசாம இரு. ஆச்சிகிட்ட நான் சொல்லிக்கிர்றேன். வாயத் தொறந்து போட்டது நான்."

"அதெப்படி? அடச்சது நானு. நாந்தேன் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அந்தோணி பின்னாலேயே ஓடினார். நாற்பத்தைந்து வயதும் ஐம்பத்தாறு வயதும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கல்யாண வீட்டு வளவுக்குள் நுழைந்ததைப் பார்த்து, பந்திப்பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இருவரும் ஒரே மூச்சில் பேச ஆரம்பித்தார்கள்.

"நாந்தேன் ஆச்சி..."

"அவ இல்ல ஆச்சி, என் தப்பு..."

ஆச்சி கையை உயர்த்தினார். "வண்டி எந்திரிச்சிருச்சா, இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க."

"எந்திரிச்சிருச்சு ஆச்சி" என்றார் அந்தோணி.

ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவரவர் கதையை ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார். அந்தோணி மூடி போடாமல் விட்டதையும், தன் வேலை என்பதால் அந்தக் குழாயைத் தொட்டே பார்க்காததையும் ஒளிக்காமல் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்தன. வந்த பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. ஆச்சி கேட்டு முடித்ததும் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்துத் தேனப்பன் பார்த்ததில்லை.

"இந்த வீட்டுல ஒண்ணு ஒடஞ்சா ஆளாளுக்கு அடுத்தவரக் கைகாட்டித்தான் நான் பாத்திருக்கேன். என் தப்பு என் தப்புன்னு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன். ஒச்சம்மா, நல்ல சேலையா எடுத்துக் கட்டு. நீ என்கூட வண்டியில வாற. அந்தோணி, ஓட்டுறது நீங்க. போய்க் கைகாலக் கழுவுங்க, வேப்பிலை ஒட்டியிருக்கு."

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். கிளம்புமுன் அந்தோணி குழாய் வாய்க்கு மூடி போட்டார், ஒச்சம்மாளைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். அவள் விரலால் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். வண்டி தாழ்ந்தது, ஆச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்தார், கால்களை எடுத்து வைத்துக்கொண்டார், வண்டி எழுந்தது. காரைக்குடி தாண்டித் தேவகோட்டை ரோட்டில் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை. அந்தோணி கண்ணாடியில் ஆச்சியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். எந்தப் பள்ளத்திலும் அந்த முகம் சுளிக்கவில்லை.

பெண் வீட்டு வாசலில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. முதல் வண்டியில் அப்பச்சியோடு போயிருந்த தேனப்பன், ஆத்தாவின் வண்டியைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு வருஷத்துப் பழக்கம். கதவு திறக்கும் முன்பே இரண்டு கைகளையும் நீட்டியிருந்தான். அந்தோணி பட்டனை அழுத்தினார். பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தத்தோடு வண்டி தாழ்ந்தது. ஒச்சம்மாள் நடக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து நேராக வைத்தாள். ஆச்சி கால்களை வெளியே எடுத்துவைத்தார். பாதம் தரையில் பட்டது. எழுந்து நின்றார்.

"தேனப்பா, கைய இறக்குப்பா. நீ மாப்பிள்ள."

அவன் கை உடனே இறங்கவில்லை. நீட்டியபடியே, எதுவும் இல்லாத அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். ஆச்சி அவனைக் கடந்து நடந்தார். சம்பந்தி அம்மாள் வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்றார். தேனப்பன் திரும்பி அந்தோணியின் வலது கையை, விறைத்த விரல்களோடு சேர்த்து, தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான். அவன் கையை விட்டுவிட்டு ஆத்தாவின் பின்னால் போனான்.

அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீ வந்து சொன்னதுனாலதேன் ஆச்சி நடந்து போறாக. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல ஆத்தா. நீ நல்லா இருக்கணும்."

ஒச்சம்மாள் அவரைப் பார்க்கவேயில்லை.

"செத்தப் பேசாம இருங்கண்ணே. ஆச்சி படியேறுறாக."

வாசலில் அரையடி உயரத்தில் மூன்று படிகள். ஆச்சி மூன்றையும் தாமே ஏறினார்.